சிவப்புக் குச்சிக்கு மூன்றடி அப்பால்

செபஸ்ரியன் என் கடைக்கு வந்தால் முதலில் என்னைப் பார்ப்பதில்லை, அலுமாரியைப் பார்ப்பார். கொப்பிக் கட்டுகளில் ஒன்று விரற்கடை முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் போதும், வாய் திறக்கும் முன் அதை உள்ளே தள்ளிவிடுவார். எனக்கு எரிச்சல் வரும். "இது கடையா, உங்கட றப்பர் மலையா அண்ணன்?" என்று கேட்பேன். "கண்ணக் குத்துதுங்க மொதலாளி" என்பார், சிரிக்கவே மாட்டார்.

குருவிட்ட என்ற ஊரின் கடைத்தெருவில் போட்டோ கொப்பி அடித்தும் சிங்களத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தும் பிழைக்கிறவன் நான். பெயர் நிலாம். தோட்டத்து ஆட்களுக்குச் சிங்களம் பேசுவது தண்ணிபட்ட பாடு. எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடும். அந்தக் கை நிற்பதால்தான் என் அடுப்பு எரிகிறது. மற்றவர்கள் கடிதம் எழுத வருவார்கள். செபஸ்ரியன் பெரும்பாலும் பேசிவிட்டுப் போகத்தான் வருவார். ஒரு முறை தவிர, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் பிறந்தது பக்கத்து றப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், ஐம்பத்தெட்டாம் ஆண்டு. அண்ணன் குடும்பம் இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டது. இவர் போகவில்லை, போகாததால் எந்த நாட்டுக்கும் சேரவுமில்லை. பிரசாவுரிமைக் கடதாசி கைக்கு வந்தபோது வயது முப்பது. அதற்குள் பதினான்கு வருடம் தோட்டத்தில் வேலை பார்த்திருந்தார். ஆள் எந்த நாட்டுக்காரன் என்று தெரியாமலே அவரிடம் வேலை வாங்க முடிந்திருக்கிறது.

வேலை, குச்சி நடுவது. பழைய றப்பர் மரங்களை வெட்டிவிட்டுப் புதுக்கன்று வைக்கும்போது, குழி வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு குச்சி நடவேண்டும். சரிவிலும் பாறையிலும் வரிசை பிசகக்கூடாது. தோளில் குச்சிக் கட்டு, கையில் முடிச்சுப் போட்ட கயிறு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுகண்ணால் ஒரு பார்வை. நாற்பத்தொரு வருடம் இதுதான். தோட்டத்து மேலாளராக ஏழு துரைமார் மாறினார்கள், செபஸ்ரியனின் கண் மாறவில்லை. விழுந்த குச்சியைத் திரும்ப நடாமல் தாண்டிப் போகிறவனை அவர் மனிதனாகவே மதிக்கமாட்டார்.

மனைவி ஜொய்சி இறந்து ஒன்பது வருடமாகிறது. ஒரே மகள் ரோசலின். ஆறு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்து சம்பாதித்ததையும், அப்பாவுக்கு ஓய்வில் கிடைத்த சேமலாபப் பணத்தையும் போட்டு இரண்டு அறையும் குசினியுமாக ஒரு வீடு கட்டினாள். தோட்டக் காணியில் கட்ட விடமாட்டார்கள். அதனால் பழைய ரயில் பாதையின் ஓரத்தில் கட்டினாள். அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிப் பக்கம் ஓடிய சின்ன ரயிலை எழுபதுகளில் நிறுத்தித் தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். மிஞ்சிய மண்பாதைதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி. அதன் இருபுறமும் இப்படிப் பதின்மூன்று வீடுகள். ஒருவருக்கும் காணி உறுதி, அதாவது காணி தன்னுடையது என்று காட்டும் பத்திரம், கிடையாது.

ரோசலினின் புருஷன் ரொபர்ட் கொழும்பில் கட்டட வேலை, மாதம் ஒரு தடவை வருவான். வீட்டில் அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் அப்பாவும். ஒருநாள் பிள்ளைகளின் பள்ளிக்கூட விண்ணப்பம் நிரப்ப வந்தபோது, "விலாசம் என்ன?" என்று கேட்டேன். "தோட்டத்துப் பேரப் போடுங்க நானா. வீட்டுக்கு நம்பரு இல்ல" என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறகு, "வெளிய போன்னு யாரும் சொல்ல முடியாத வீடு ஒண்ணு வேணும் நானா. அது போதும் எனக்கு" என்றாள். கேட்டவுடன் பேனாவைப் பார்த்துக்கொண்டேன். பெரிய வீட்டுக்காரன் போல எனக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்னால்தான் அந்த ரயில் திரும்பி வரப்போகிறது என்ற பேச்சு வந்தது.

தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம். நானும் போயிருந்தேன், சும்மா பார்க்கத்தான். திட்டத்திலிருந்து ஓர் இளம்பெண் பொறியியலாளர் வந்திருந்தார். நல்ல பொறுமைசாலி. வரப்போவது பாதி டிராம், பாதி ரயில், ஊருக்குள் மெதுவாகவும் வெளியே வேகமாகவும் ஓடும் என்றார். அவிசாவளை வரை மேலே மின்கம்பி இருக்கும், அதிலிருந்து கரண்ட் எடுக்கும். அதற்கு இங்கால் கம்பி இல்லை, பெட்டரியிலேயே ஓடிவரும். கம்பி இல்லாத இடத்தில் தூண் வேண்டாம், தூண் இல்லாவிட்டால் அகலக் காணியும் வேண்டாம், வீடுகள் தப்பிவிடும். கைபேசிக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வருவதுபோலத்தான் என்று அவர் சொன்னதும் சனம் தலையாட்டியது.

செபஸ்ரியன் எழும்பினார். நல்ல சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டார்: ஏற்றத்தில் பெட்டரி இறங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்?

அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். சரியான கேள்வி என்றார். அதற்காகத்தான் உங்கள் ஏற்றத்தில் மட்டும் ஒன்றரைக் கிலோமீற்றர் கம்பியும் தூணும் போடப்போகிறோம், ஏறும்போதே பெட்டரி நிறைந்துவிடும், அதற்கொரு மின்சாரக் கட்டடமும் வரும் என்று படத்தில் விரலை வைத்தார். விரல் நின்ற இடம் ரோசலினின் வீடு. கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருந்தாலும் அது அங்கேதான் வந்திருக்கும். ஆனால் சனம் செபஸ்ரியனைத் திரும்பிப் பார்த்தது, அவர்தான் கூப்பிட்டு விருந்து வைத்ததுபோல.

பிறகு அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னார். சிவப்புக் குச்சிகளுக்கு உள்ளே அகப்படும் வீட்டுக்காரர்களுக்கு மெயின் ரோட்டுக்குக் கிட்டப் பத்துப் பேர்ச் அளவில் காணி, ஒரு வீடு, அவரவர் பெயரில் உறுதி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை இங்கே விளக்கவேண்டியதில்லை என்று நினைக்கிறேன். உறுதி தருகிறோம் என்று இந்த மலைகளுக்கு எத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள். அளந்தார்கள், படம் பிடித்தார்கள், பெயர் எழுதினார்கள், போனார்கள். உள்ளே அகப்பட்டால் வீடு உடையும், அது மட்டும் நிச்சயம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் குச்சிகள் வந்தன. தண்டவாளம் போகும் இடத்துக்கு வெள்ளை, எடுக்கப்போகும் காணியின் எல்லைக்குச் சிவப்பு. நில அளவைக்காரர்களின் பின்னாலேயே செபஸ்ரியன் நான்கு நாள் நடந்தார். யாரும் கூப்பிடவில்லை, கூலியும் இல்லை. திரும்பி வந்து என்னிடம் குறை சொன்னார். "நல்லாத்தான் நட்டுக்கிட்டு வந்தானுங்க. எங்க வீட்டுக்கிட்ட வந்து ஒரே ஒரு குச்சிய கோணலா நட்டுட்டானுங்க."

அது கோணல் அல்ல. பாதைக்கு நேராக வந்த சிவப்பு வரிசை, அந்த மின்சாரக் கட்டடத்துக்கு இடம் விடுவதற்காக அங்கே மட்டும் வயிறு தள்ளி, ரோசலினின் குசினிக்குப் பின்னால் போய்த் திரும்பி வந்தது. வயிற்றின் நுனியில் ஒற்றைக் குச்சி. மற்றப் பன்னிரண்டு வீடும் பாதையை ஒட்டியே இருந்ததால் நேர் வரிசைக்குள்ளேயே அகப்பட்டன; கொஞ்சம் தள்ளியிருந்த ரோசலினின் வீடு இந்த வயிற்றால்தான் முழுதாக உள்ளே.

ரோசலின் கடைக்கு ஓடிவந்தாள். "என்னா நானா செய்யிறது? மெய்யாவே உறுதி குடுப்பாங்களா?"

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்கப்போவதில்லை. "உறுதி தாரமெண்டு வந்தவங்கள பதினொரு வருசமா இந்தக் கடையில வெச்சே பாக்கிறேன் தங்கச்சி. ஒருத்தனும் திரும்பி வரல்ல. தப்ப ஏலுமெண்டா தப்பிக்கோங்க" என்றேன். உலகம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு. எனக்குத் தெரிந்ததெல்லாம் போட்டோ கொப்பி மெஷின்தான்.

வைகாசியில் மழை பிடித்தது. இந்தப் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, மூன்று நாள் விடாமல் பெய்தால் மலை கீழே வந்துவிடும். ரோசலினின் குசினிக்குப் பின்னால் இருந்த மண்மேடு இரவோடிரவாகச் சரிந்தது. சுவர் வரை வந்து நின்றுவிட்டது. அதோடு அந்த ஒற்றைச் சிவப்புக் குச்சியும் போய்விட்டது.

மழை விட்ட அன்று செபஸ்ரியன் மண்ணைக் கிண்டிக் குச்சியைத் தேடி எடுத்தார். கழுவினார். கட்டிலுக்கடியில் கிடந்த பழைய கயிற்றை எடுத்தார். முந்திய குச்சியையும் அடுத்த குச்சியையும் பார்த்தார், கயிற்றை இழுத்தார், ஒரு கண்ணை மூடினார், நட்டார். வீட்டு வாசலுக்கு முன்னால், சரியாக மூன்றடியில்.

சாயந்தரம் வந்து என்னிடம் சொன்னார். நான் வேலையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன்.

"அப்ப உங்கட வீடு வெளியால போய்ட்டே அண்ணன்?"

"ஆமாங்க."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"ஒரு குச்சி விழுந்தா ரெண்டு பக்கத்துக் குச்சியயும் பாத்து நடுவுல நடணுங்க. நாப்பத்தொரு வருசமா அப்புடித்தான். அது கோணலாத்தான இருந்துச்சு."

"நான் கேட்டது அதில்ல."

"தெரியுங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "தெரிஞ்சுதாங்க செஞ்சேன். ஆனா நேராத்தான் நட்டிருக்கேன்."

நான் அவர் தோளில் தட்டிக் கொடுத்தேன். நல்ல வேலை செய்தீர்கள் என்று சொன்னேன். ஒரு பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து வீட்டுக் கணக்கெடுப்புக்காரர்கள் வந்தார்கள். குச்சி நட்டவர்கள் வேறு, இவர்கள் வேறு. கையில் டெப்லெட், மஞ்சள் பெயின்ட் டப்பா. குச்சிக்கு உள்ளே இருந்த வீட்டுச் சுவர்களில் எல்லாம் நம்பர் போட்டார்கள். பன்னிரண்டு வீடு. ரோசலினின் வாசலுக்கு வந்தார்கள், குச்சியைப் பார்த்தார்கள், கதவைக்கூடத் தட்டாமல் கடந்து போனார்கள். அவள் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அன்றைக்கே அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, எனக்கு அரைக்கிலோ தொதல் இனிப்புக் கொண்டுவந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பக்கத்து வீட்டு வேலுசாமி மட்டும் தன் சுவரில் இருந்த மஞ்சள் நம்பரைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஒனக்கு அதிஷ்டம் புள்ள" என்றானாம்.

ஒன்பது மாதம் கழித்து அந்த வேலுசாமி என் கடைக்கு வந்தான். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடதாசி வைத்திருந்தான். என் கையில் தரும்போது, "அழுக்காக்கிராதீங்க மொதலாளி" என்றான். அஞ்சு கொப்பி வேண்டுமாம்.

காணி உறுதி. முத்திரை, கையெழுத்து, வரைபடம், பத்துப் பேர்ச், அவனுடைய முழுப்பெயர். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அது பொய்யாக இருக்கவேண்டும் என்று நான் விரும்பினேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். பொய் இல்லை. நூற்றைம்பது வருடத்தில் முதல்முறையாக ஒருவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான், அந்த ஒரு முறை பார்த்து நான் புத்தி சொல்லியிருக்கிறேன். கொப்பிக்குக் காசு வாங்கவில்லை. வேலுசாமி அதை வாழ்த்து என்று நினைத்துக்கொண்டு போனான்.

பன்னிரண்டு குடும்பமும் லொறி பிடித்து மெயின் ரோட்டுப் பக்கம் போனது. பழைய வீடுகளை இரண்டே நாளில் உடைத்துத் தள்ளினார்கள். பாதையோரத்தில் மிஞ்சியது ஒரே வீடு.

அதற்குப் பிறகு வேலி வந்தது. மின்சாரம் ஓடப்போகும் இடம், ஆள் நடமாடக்கூடாது என்று ஆளுயரத்துக்குக் கம்பி வலை, இடையிடையே மண்டையோட்டுப் படம். சிவப்புக் குச்சி இருந்த கோட்டிலேயே போட்டார்கள். ரோசலின் கதவைத் திறந்து மூன்றடி வைத்தால் வேலி. முன்னால் பாதை இல்லை. பின்னால் சரிந்த மண்மேடு, அதன் மேல் ஏறி, றப்பருக்குள் இறங்கி, ஓடையைச் சுற்றி பஸ்ஸுக்குப் போக முக்கால் மணிநேரம். மழை நாளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. எங்கள் ஊரில் மழை இல்லாத நாளை எண்ணிவிடலாம்.

செபஸ்ரியன் ஒரு காலை வந்தார். அலுமாரியைப் பார்க்கவில்லை. "ஆபீசுக்குப் போயி உண்மையச் சொல்லணுங்க. கூட வாங்க" என்றார். கடையைப் பூட்டிக்கொண்டு போனேன்.

அவிசாவளை ரோட்டில் ஒரு தகரக் கொள்கலனுக்குள் அலுவலகம். அதே பொறியியலாளர்தான். செபஸ்ரியன் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் குச்சியை நட்டது நான்தான், வீடு உள்ளே இருக்கவேண்டிய வீடு, தப்பு என்னுடையது, பிள்ளைக்குக் காணியைக் கொடுங்கள் என்று சிங்களத்தில் ஒரே மூச்சில் சொன்னார். இந்த மனிதர் ஒருவரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் கணினியைத் திறந்து இரண்டு படத்தைக் காட்டினார். முதல் படத்தில் வயிறு இருந்தது. இரண்டாவதில் இல்லை. எல்லை நேராக இருப்பதை வீட்டுக் கணக்கு வந்தபோதுதான் கண்டார்களாம். பட்டியலைத் திருத்தித் திரும்ப வெளியிட இன்னொரு வருடம் போகும் என்பதால், மின்சாரக் கட்டடத்தைப் பாதைக்கு எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார்கள். பட்டியல் மூடியாகிவிட்டது. குச்சியைத் தொடுவது குற்றம், நீங்கள் சொன்னதைக் கேட்காததாக வைத்துக்கொள்கிறேன் என்றார். கெட்ட மனுஷி இல்லை. செபஸ்ரியனின் முகம் விழுந்ததைப் பார்த்து ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று நினைத்திருப்பார். யார் நட்டாலும் நல்ல நேர்கோடு, வேலிக்கு ஒரு மூலைகூட வராமல் போய்விட்டது, எங்களுக்கு அது பெரிய உதவி என்றார்.

செபஸ்ரியன் நன்றி சொன்னார். நாற்பத்தொரு வருடத்தில் எந்தத் துரையும் அவருடைய கோட்டைப் புகழ்ந்ததில்லை. புகழ்ந்தது அன்றைக்குத்தான். பஸ்ஸில் இரண்டு பேருக்கும் நானே டிக்கெட் எடுத்தேன். வேறு எதற்கு எனக்கு யோக்கியதை?

அந்த வருடக் கடைசியில் வேலை நின்றது. பணம் வரவில்லை என்கிறார்கள், பெட்டரி விலை ஏறிவிட்டது என்கிறார்கள், கம்பெனி போய்விட்டது என்கிறார்கள். தூண்கள் நிற்கின்றன, கம்பி இல்லை. வேலி இருக்கிறது, ரயில் இல்லை.

போன மாதம் ரோசலின் வந்தாள். அப்பாவும் பின்னால் வந்தார். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது குறைந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஒரு கடுதாசி எழுதணும் நானா. எங்க வீட்டயும் ஒடைங்கன்னு."

"என்ன தங்கச்சி சொல்றீங்க?"

"ஒடைக்கட்டும். ஒடைச்சாத்தான காணி. பின்னாடி மண்ணு வேற எறங்குது. அதுவா ஒடைச்சா ஒண்ணுமே கெடைக்காது."

எழுதினேன். நான் எழுதிய கடிதங்களிலேயே நல்ல கடிதம் அது. வீட்டின் நீளம், அகலம், வேலியின் தூரம், மண்மேட்டின் உயரம், பிள்ளைகளின் வயது எல்லாம் எழுதினேன். தயவுசெய்து எங்கள் வீட்டை இடித்துத் தாருங்கள் என்று முடித்தேன். விலாசம் கேட்டபோது அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் இரண்டு பேரின் பெயரையும் போட்டு, "பழைய ரயில் பாதை வீடு" என்று நானே ஒரு விலாசம் உண்டாக்கி, பதில் வந்து சேர என் கடையின் மேற்பார்த்து என்று எழுதினேன்.

போன வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஆள் அனுப்பினேன். அன்று பின்னேரமே இரண்டு பேரும் வந்தார்கள், காலெல்லாம் சேறு. ரோசலின் சிங்களம் எழுத்துக்கூட்டி வாசிப்பாள், ஆனால் என்னிடமே தந்தாள். மூன்று வரிதான். செபஸ்ரியன், ரோசலின் ஆகியோர் பழைய ரயில் பாதை வீட்டில் வசிப்பது கவனத்தில் கொள்ளப்பட்டது. மேற்படி வீடு இத்திட்டத்தினால் பாதிக்கப்படவில்லை. ஆதலால் கோரிக்கையை ஏற்க இயலாது.

அவள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. கடிதத்தை வாங்கித் தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவினாள். "இத லெமினேட் பண்ணித் தாங்க நானா" என்றாள்.

"இத எதுக்கு?"

"இந்த வீட்டுக்கு எங்க பேரப் போட்டு வந்த மொத கடுதாசி இதான்."

மெஷினைச் சூடாக்கினேன். பிளாஸ்டிக் உறை வெளியே வந்ததும் செபஸ்ரியன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அப்ப இது உறுதி மாதிரிங்களா மொதலாளி?"

ஒருமுறை அவர்களுக்குத் தவறாகச் சொல்லிவிட்டேன். இந்தமுறை சரியாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். இல்லை என்றேன்.